திருடாமை வாரம்

அகிம்சை வாரமும் சத்திய வாரமும் முடிந்து, அது திருடாமை வாரம். உடம்பை வளைத்தால் மட்டும் யோகம் ஆகிவிடாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன யோகா டீச்சர், குடியிருப்பின் மொட்டைமாடிக் கூடத்தில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்திருந்தாள். தன்னுடையது அல்லாத ஒரு பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வாங்குபவர் நன்றி மட்டும் சொல்ல வேண்டும். எல்லாம் அவளே போட்ட சட்டம்தான்.

இரண்டாம் மாடி அக்கா பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை நீட்டினாள். "மூடி மட்டும் எங்க போச்சுன்னு தெரியல" என்றதும் கூடமே சிரித்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒரு குடையை ஒப்படைத்தார். கடைசியாக எழுந்தது பல் டாக்டர். ஒரு வகுப்பைக்கூட விடாதவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று டீச்சருக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

அவள் டீச்சர் முன்னால் மண்டியிட்டு ஒரு சாவியை வைத்தாள். தலையில் பச்சை நூல் சுற்றிய சாவி. வீட்டுச் சாவி ஆபீஸ் சாவியோடு குழம்பக் கூடாதென்று கணவருக்காக டீச்சரே சுற்றிய நூல். பஸ்ஸில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதை நம்பி வேறு சாவி செய்து கொடுத்ததும் டீச்சர்தான்.

"நாலு வருஷமா எங்கிட்ட இருக்கு டீச்சர். நீங்க குடுத்ததில்ல."

"நல்லவேளை, பத்திரமா வச்சிருந்தீங்களே" என்றார் வாத்தியார், ஒன்றும் புரியாமல்.

டீச்சர் சாவியைக் கையில் எடுத்தாள். செவ்வாயும் வியாழனும் மதியம் அவள் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுப்பாள். அந்த இரண்டு நாளும்தான் கணவருக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. பாவி, இது எப்படி இத்தனை நாள் உறைக்காமல் போயிற்று? எப்போதிலிருந்து, எந்த அறையில், ஏன் என்று கேள்விகள் தொண்டை வரை வந்து முட்டின. பல் டாக்டர் தலை குனிந்து காத்திருந்தாள். வட்டம் முழுக்க டீச்சரின் வாயையே பார்த்தது.

"நன்றி" என்றாள் டீச்சர்.

பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூச்சை எண்ணச் சொல்ல மறந்து, படியிறங்கிப் போய்விட்டாள். தன் வீட்டு வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு சாவி, உள்ளங்கையில் ஒரு சாவி. அவள் அழைப்பு மணியை அழுத்தினாள்.

"என்னம்மா, சாவி எடுத்துட்டுப் போகலையா?" என்ற கணவரின் குரலோடு செருப்புச் சத்தம் கதவை நெருங்கியது.