இருநூற்றுப் பதினான்கு தலைகள்

டோப்பா மாஸ்டர் யாரோடு பேசினாலும் புருவத்துக்கு மேலே பார்க்க மாட்டார். தொழில் அப்படி. முடி போனவர்களுக்கு முடி செய்து கொடுக்கிற மனுஷன் கண்ணை ஓர் அங்குலம் மேலே விட்டால் போதும், எது சொந்தம், எது ஒட்டினது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அது முகத்தில் தெரியும். ஆகவே அவர் ஊரில் பாதிப் பேரைப் புருவத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்.

அவருடைய போனில் இருநூற்றுப் பதினான்கு தலைகள் இருந்தன. முன், பின், இரண்டு நெற்றிப்பொட்டு, உச்சி என்று தலைக்கு ஐந்து படம். கூடவே சுற்றளவு, பசை ஒத்துக்கொள்ளுமா, வெயிலில் அரிக்குமா என்று ஒரு குறிப்பு. ஒரு நீதிபதி, மூன்று பல் டாக்டர்கள், பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியாத இரண்டு மேனேஜர்கள். எல்லோருக்கும் மாஸ்டர் ஒரே வாக்குத்தான் கொடுத்திருந்தார்: "இதை நான் பார்ப்பேன், என் கத்தரிக்கோல் பார்க்கும். மூணாவது ஆள் கிடையாது."

தன் தலையை அவர் படம் எடுத்து வைக்கவில்லை. அது பூட்டாக இருந்தது.

புதுப் போன் வாங்கிய அன்று காலை, மகள் அவர் முகத்துக்கு நேரே அதைப் பிடித்து, "அப்பா, இப்படி பாருங்க, அப்படி பாருங்க" என்று முகப்பூட்டுப் போட்டுக் கொடுத்தாள். அப்போது மாஸ்டர் பல் துலக்கிவிட்டு வந்திருந்தார். அவருடைய டோப்பா இன்னும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து போனுக்கு மொட்டை மாஸ்டரை மட்டுமே தெரியும். டோப்பாவோடு நிற்கிறவர் யாரோ மூன்றாம் மனுஷன். எண் போட்டும் திறக்கலாம்தான், ஆனால் அந்த எண்ணை மறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வெளியே போன் பேசவேண்டி வந்தால் மாஸ்டர் ஏதாவதொரு கழிவறையில் நுழைந்து, தாழ் போட்டு, தலையைக் கழற்றி, திறந்து, பேசி, மாட்டிக்கொண்டு வருவார். பாவம், நீரிழிவு என்று ஊரார் நினைத்தார்கள்.

அவர் தலையில் இருப்பது சொந்த முடியில்லை என்பது மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். மனைவியின் தம்பிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த நாட்டுக்கும் தெரிந்திருக்கும். அவனுக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்ததே அவனைப் பெற்ற தாய்தான்.

இந்த ஒலிபெருக்கிக்கு ஒரு சிக்கல். டிவியில் செய்தி வாசிக்கிறவர் ஒருவர் புயலன்று கடற்கரையில் நின்று பேசினார். மரம் சாய்ந்தது, மைக் பறந்தது, கேமராக்காரர் குடையோடு கொஞ்ச தூரம் போய் வந்தார். செய்திக்காரரின் முடி மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. "அது டோப்பா! மாசக் கடைசிக்குள்ள படத்தோட காட்டலேன்னா என் மீசையை எடுத்துடறேன்" என்று இவன் ஆபீஸ் முழுக்கப் பந்தயம் கட்டிவிட்டான். நல்ல மீசை. முப்பது வருஷத்து உழைப்பு. படம் மாமாவின் போனில் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பக்கத்து நாட்டில் டோப்பாவுக்கு அடியில் வைக்கிற மெல்லிய வலைத்துணி வாங்க மாஸ்டர் பஸ் ஏறினபோது, "பெட்டி தூக்க ஆள் வேணாமா மாமா?" என்று அவனும் ஏறினான்.

"பெட்டியே இல்லையே மாப்ளே."

"வரும்போது இருக்கும்ல."

எல்லைச் சாவடியில் நீளமான கூடம், நீளமான மேஜை, அதைவிட நீளமான வரிசை. அன்றைக்குப் போன்களையும் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவு. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மாஸ்டரிடம் கையை நீட்டினார்.

"போனைத் திறங்க."

மாஸ்டர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார். போன் அவரைப் பார்த்தது, தெரியாது என்றது. அதிகாரி வாங்கித் தன் கையால் பிடித்தார். தெரியாது. வெளிச்சத்தில் நிறுத்தினார், சிரிக்கச் சொன்னார், சிரிக்க வேண்டாம் என்றார். தெரியாது, தெரியாது, தெரியவே தெரியாது.

"பாஸ்போர்ட்டுக்கு உங்களைத் தெரியுது. போனுக்குத் தெரியலையே. யார் போன்யா இது?"

"என்னோடதுதாங்க."

"சார், இவரு எங்க மாமா சார்!" என்று ஒலிபெருக்கி முழங்கினான். "இருபத்திரண்டு வருஷமா பார்க்கறேன், இதே மூஞ்சி, இதே முடி! மாமா, நல்லா கழுத்தை நீட்டிக் காட்டுங்க!" சொல்லிக்கொண்டே அவன் தன் கழுத்தைப் போன் திரைக்கு மேலே நீட்டினான்.

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தலையைக் கழற்றாவிட்டால் போன் திருடன். கழற்றினால் திறந்துகொள்ளும், திறந்தால், தோளுக்கு மேலே மைத்துனன். இருநூற்றுப் பதினான்கு பேரும் வரிசையாக நின்று தன்னை முறைப்பது போலிருந்தது. எல்லோரும் புருவம் வரைதான்.

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசும்போது என்னைப் பாருங்க. அதென்ன, புருவத்தோடயே நின்னுடறீங்க?"

"தொழில் பழக்கங்க."

"என்ன தொழில்?"

"இங்க வேணாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்."

அதிகாரியின் கை தானாகத் தலைக்குப் போய், பாதி வழியில் நின்றது. "உள்ளே வாங்க" என்றார். பின்னாலேயே வந்த ஒலிபெருக்கியின் மூக்குக்கு முன்னால் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதிகாரி குரலை இறக்கினார்.

"தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. இடது பொட்டுக்கு மேல பசை விட்டுப்போச்சுன்னு நான் பார்க்கவே இல்லை."

அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் நின்றபடியே தன் நெற்றியோரத்தைப் பிடித்து இழுத்தார். பர்ர்ர் என்றது. போன் தன் முதலாளியைக் கண்டு பட்டென்று திறந்துகொண்டது.

"போன் என்னோடதுங்க. உள்ளே இருநூத்திப் பதினாலு பேர் தலை இருக்கு. பார்க்க உங்களுக்கு அதிகாரம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. யாருக்கும் காட்ட மாட்டேன்னு அவங்களுக்கு நான் சொல்லியிருக்கேன். அவ்வளவுதான்."

போன் மேஜை மேல் வெளிச்சமாகக் கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், மாஸ்டரின் வழுக்கையைப் பார்த்தார். பிறகு இடது பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போனை எடுத்து, கவிழ்த்து வைத்தார்.

"போன் உங்களுதான்னுதானே கேட்டேன்? பார்த்தாச்சு. பசை இருக்கா?"

வெளியே, கதவில் காது வைத்திருந்த ஒலிபெருக்கிக்குக் கேட்டது அந்தப் பர்ர்ர் ஒன்றுதான். "ஐயோ! எங்க மாமா தோலை உரிக்கிறாங்க!" என்று கூடம் அதிரக் கத்தினான். வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கதை சேர்க்க, அது கடைசி ஆளிடம் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் தோலுக்கடியில் வைரம் தைத்து வைத்திருந்தார். கதவு திறந்தது. மாமாவின் தோல் இருந்தது, முடியும் இருந்தது. அதிகாரியின் முடி முன்னைவிட நேராக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் அதே சாவடியில் அதிகாரி தலைக்கு அளவு கொடுத்தார், இருநூற்றுப் பதினைந்து. கொடுத்த நிமிஷத்திலிருந்து மனுஷனுக்கு நிம்மதி போய்விட்டது.

"இதையெல்லாம் எதுக்குய்யா எல்லைக்குத் தூக்கிட்டு வர்றீங்க? வீட்ல வைங்க. வெறும் போன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே அணைச்சுடுங்க. மூஞ்சிப்பூட்டை எடுங்க, மூஞ்சியை எவன் வேணா பிடிச்சுக் காட்டலாம். நீளமா எண் போடுங்க. நாளைக்கு என் நாற்காலியில எவன் உட்காருவானோ!"

தன் பிழைப்புக்குத் தானே உலை வைத்து இவ்வளவு அக்கறையாகப் பேசின அதிகாரியை மாஸ்டர் அதற்கு முன் கண்டதில்லை. சொன்னபடியே செய்தார். புது எண்ணை மட்டும், மறுபடி மறந்துபோகாமலிருக்க, மகளிடம் சொல்லி வைத்தார்.

மாசக் கடைசி வந்தது. படம் வரவில்லை. மறுநாள் ஒலிபெருக்கி வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தான்.

"மாமா, கதவைச் சாத்துங்க."

முன், இடம், வலம் என்று மூன்று படம். உச்சி தேவைப்படவில்லை. இருநூற்றுப் பதினாறு.

"மாமா, அந்தப் போனு பத்திரமா? யாரும் பார்த்துட மாட்டாங்களே?" அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி மாஸ்டர் கேட்டதே இல்லை.

"நான் பார்ப்பேன். கத்தரிக்கோல் பார்க்கும்."

அடுத்த தடவை இருவரும் எல்லைக்குப் போனபோது மாஸ்டரின் சட்டைப்பையில் வெறும் போன். உள்ளே மகளின் படம் ஒன்று. பக்கத்தில் ஒலிபெருக்கி புது மீசையோடு நின்று, "அடுத்தவன் போனைத் திறந்து பார்க்கிறது அநியாயம் சார், மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கு!" என்று கூடம் முழுக்கக் கேட்க நியாயம் பேசினான். பேச்சின் வேகத்தில் மீசையின் ஒரு நுனி லேசாக எழும்பிற்று.

அதிகாரி அவன் கண்ணையே பார்த்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக்குக் கீழே பார்க்கவே இல்லை.