பெரியதனத்தின் தூம்பா

செத்தவரின் தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டும்போது செலின்மேரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த வாய்தானே அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று அந்தக் கத்துக் கத்தியது, இப்போது துணி போட்டுக் கட்டினால்தான் மூடுகிறது என்று நினைத்தாள். பெற்ற அப்பனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கொஞ்சம்கூட உறுத்தவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அவளுடைய அப்பா செபாஸ்டின், வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தக் கிறிஸ்தவ ஊரின் கோயில் பெரியதனம். மணி, தூம்பா, கோயில் நிலத்து நெல் எல்லாம் அவர் பொறுப்பு. தூம்பா என்பது ஊருக்கே பொதுவான சவப்பெட்டி. கறுப்புத் துணி போர்த்திய அந்தப் பெட்டியில்தான் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். உடலைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டி மட்டும் திரும்பி வரும். பண்ணைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே பெட்டி என்று சாமியார்கள் பிரசங்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வதோடு சரி.

போன தேர்தலில் பங்குச் சாமியார், பிரெஞ்சு ஆட்சியில் ஊர் நிர்வாகத் தலைவராக இருந்த மேர் பக்கம் சாய்ந்தார். கோயிலுக்கு ஓடு மாற்றித் தருவதாக மேர் வாக்குக் கொடுத்திருந்தார். அதே ஊர்க்காரனான மரியதாஸ் எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். பகைவனுக்கும் நல்லது செய்யச் சொல்லிப் போதித்த அதே பீடத்திலிருந்து, மேருக்கு எதிரி கோயிலுக்கும் எதிரி என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். செபாஸ்டின் அதையே வாசலில் நின்று இன்னும் உரக்கச் சொன்னார். ஓட்டு எண்ணி முடித்த மறுவாரம் மரியதாஸின் மனைவி ஆரோக்கியம் பிரசவத்தில் செத்துப்போனாள். மணி அடிக்கவில்லை. தூம்பா அறை திறக்கவில்லை. ஓலைப்பாயில் சுற்றிக் கட்டைவண்டியில் ஏற்றிப் போய், கல்லறை மதிலுக்கு வெளியே வாய்க்கால் ஓரமாகப் புதைத்தார்கள். ஓட்டே இல்லாத பொம்பிளைக்கு ஓட்டுக்காகத் தண்டனை. பாவிகள், படுபாவிகள்.

ஆரோக்கியமும் செலின்மேரியும் ஒரே கழனியில் நாற்று நட்டவர்கள். அன்று அப்பாவுக்குச் சோறு போடும்போது, அவள் என்ன பண்ணினாள், அவளுக்கு ஏன் பெட்டி இல்லை என்று கேட்டாள். அவர் ஊறுகாய் எடுத்து வரச் சொன்னார். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நேற்று சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனதும், மரியதாஸைக் கூப்பிடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது மணி விடாமல் அடித்தது. தூம்பா வாசலுக்கு வந்தது. மேர் மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவரைப் போல மாலையோடு வந்து நின்றார். சாமியார் புத்தகத்தைப் பிரித்தார். செலின்மேரி நிலைப்படியில் குறுக்கே போய் நின்றாள்.

"ஆரோக்கியம் குழியில தீர்த்தம் தெளிச்சி ஒரு செபம் சொல்லுங்க சாமி. அப்பறம் எங்கப்பாவத் தூக்கலாம்."

இது துக்க வீடு, அரசியல் பேசுகிற இடமில்லை என்றார் சாமியார்.

"கோயில்ல பேசலாமா சாமி?"

சாமியாரின் முகம் சிவந்தது. மதிலுக்கு வெளியே இருப்பது மந்திரிக்காத மண், அங்கே தான் கால் வைக்கப்போவதில்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். பெண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெற்றவனை நாறப் போடுகிறாளே என்று முணுமுணுத்தார்கள். வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. அவள் அசையவில்லை.

அப்போதுதான் மரியதாஸ் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. துப்பத்தான் வந்திருக்கிறான், துப்பட்டும், தடுக்கமாட்டேன் என்று நினைத்தாள் செலின்மேரி. அவன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"எதுக்கண்ணா வந்தீங்க?"

"தூக்கறதுக்கு."

"உங்க வூட்டு சாவுக்கு இவரு பெட்டி குடுக்கலியே."

"குடுக்கல. நான் மறக்கவும் இல்ல. இந்தாளு மேல இருக்கற கோவம் என் கட்டையோடதான் போவும். அதுக்காவ பொணத்தக் காக்க வைக்கிறதா? அவரு பண்ணதையே நானும் பண்ணா, அப்பறம் நான் எதுக்கும்மா எதிர்க்கட்சி?"

செலின்மேரிக்கு அவன்மேலும் கோபம் வந்தது. இந்த மனுசன் இப்படிப் பெருந்தன்மையாக இருந்தால் அவர்களுக்கு எப்போதுதான் உறைக்கப்போகிறது? ஆனாலும் அவனெதிரே நிலைப்படியை மறித்து நிற்க முடியவில்லை. விலகினாள்.

சாமியார் முன்னால் நடந்தார். தூம்பாவைத் தூக்கும் கொம்புகளில் முன்பக்க வலது கொம்பு மரியதாஸின் தோளில் இருந்தது. வழியில் எங்கே தூம்பாவை இறக்கினாலும் சாமியார் திரும்பி வந்து தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லியாக வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஆலமரத்தடியில் தோள் மாற்ற ஒருமுறை இறக்கினார்கள். சாமியார் ராகம் போட்டுச் செபித்தார். அங்கிருந்து பாதை வாய்க்காலை ஒட்டிப் போனது. கல்லறை வாசல் தெரிந்தது, அதற்கு இப்பால், மதிலுக்கு வெளியே முள் மண்டிய மேடு தெரிந்தது.

"இங்க எறக்குங்க" என்றாள் செலின்மேரி.

தூக்கியவர்கள் தடுமாறினார்கள். வாசல் வந்துவிட்டதே என்றான் ஒருவன்.

"எங்கப்பா. நான் சொல்றன், எறக்குங்க."

மரியதாஸின் கழுத்து நரம்பு புடைத்தது. எந்த மண்ணில் நிற்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன்தான் முதலில் முட்டி மடக்கினான். பெட்டி சாய்ந்துவிடுமே என்று மற்ற மூன்று பேரும் மடக்கினார்கள். தூம்பா மேட்டை ஒட்டி மண்ணில் உட்கார்ந்தது.

வாசலுக்குள் போய்விட்ட சாமியார் திரும்பிப் பார்த்தார். மேர் வேறு பக்கம் பார்த்தார். சாமியார் வெளியே வந்தார், அங்கியில் ஒட்டிய முள்ளை எடுத்துப் போட்டார், பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்து செபாஸ்டினின் பெயரைச் சொன்னார்.

"இன்னொரு பேரு இருக்குது சாமி."

சாமியார் அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். பிறகு அவர் ஆரோக்கியத்தின் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லி, தீர்த்தம் நனைந்த கையை மேட்டின்மேல் உதறினார். காய்ந்த மண் தண்ணீரை உடனே குடித்துவிட்டது. மரியதாஸ் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தூம்பாவை மறுபடி தூக்க மூன்று பேரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.