நேர்மைக்குக் கிடைத்த கடிகாரம்

தையல்காரியின் புருஷனுக்கு மெதுவாகப் பேச வராது. பத்திரிகை ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயரே வெண்கலம். அச்சு மெஷின் கடகடவென்று ஓடுகிற கூடத்தில் உட்கார்ந்து வேலை பழகியவன். கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. "உனக்கு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று ஆரம்பித்தால், தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். இப்படிப்பட்ட ஆள் அரசாங்கத்தின் திருட்டைத் துப்பறியக் கிளம்பினால் கட்டிக்கொண்டவளுக்குத் தூக்கம் வருமா?

திருட்டு இதுதான். அரசாங்கம் புதிதாகத் தீயணைப்பு வண்டிகள் வாங்கியது. செக்கச்செவேலென்று பெயிண்ட், பளபளவென்று மணி, ஏணி, எல்லாம் இருந்தது. பம்ப் மட்டும் இல்லை. எங்காவது தீப்பிடித்தால் பழைய ஓட்டை வண்டியை அனுப்பிவிட்டு, புதுசைத் துடைத்துத் துடைத்து ஊர்வலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பம்புக்கு ஒதுக்கிய பணம் யார் வயிற்றுக்குள் போனது என்று வெண்கலம் எழுதினான். அவனுக்கு விஷயத்தைச் சொன்னது அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிற டிரைவர். அந்த டிரைவர் தையல்காரியின் கூடப்பிறந்த தம்பி. மூன்று பேரைத் தவிர இது ஈ எறும்புக்குத் தெரியாது. தெரிந்தால் தம்பிக்கு வேலை போகும். வேலையோடு போனால் புண்ணியம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கட்டுரை வந்ததும் ஜன்னலில் கல் விழுந்தது. எவனோ போன் பண்ணி, "கை இருக்கும்போதே எழுதறத நிறுத்திக்கோ" என்றான். "யாருய்யா நீ?" என்று வெண்கலம் கேட்ட கேள்வியில் அந்தப் பக்கம் போன் கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. இவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு அவன் வீடு திரும்புகிறவரை ஒரு கண் வாசலில்தான் இருக்கும். ஒரு வாத்தியார் சட்டைக்கு இரண்டு இடது கையாக வைத்துத் தைத்துவிட்டாள்.

திடீரென்று மிரட்டல் நின்றது. தீயணைப்புத் துறை அமைச்சரே மேடைக்குக் கூப்பிட்டு, வெண்கலத்துக்கு 'நேர்மையான பேனா' என்று பட்டம் கொடுத்து, தாம்பாளம் பெரிசுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்.

"பாத்தியா? திருந்திட்டாங்க!" என்றான் வெண்கலம்.

"திருந்தினவன் பணத்தைத் திருப்பிக் குடுப்பான். கடிகாரம் எதுக்குக் குடுக்கறான்?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லி, தையல் மெஷினுக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினான்.

தைக்கும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ஆள் இல்லாவிட்டால் மெஷினோடு பேசுவாள். "தெருக்குழாய்ல சொட்டுத் தண்ணி கிடையாது, இவனுங்களக் கேக்க நாதி கிடையாது" என்று ஒருநாள் மெஷினிடம் பொருமினாள். மறுநாள் காலையில் ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கி, குழாயைத் தோண்டி எடுத்துப் புதுசே போட்டுவிட்டார்கள்.

"மனு குடுத்துக் குடுத்து நாங்க தேஞ்சே போனோம். இன்னிக்கு எப்படிய்யா வழி தெரிஞ்சுது?" என்றாள்.

"தெரியலம்மா. மேலிடத்துலேர்ந்து போன். உடனே செய்யின்னாங்க. எதுக்குன்னு எங்க ஆபீசருக்கே தெரியாது."

அடுத்து தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்பினாள், எரிந்தது. மூன்றாவது முறை வேண்டுமென்றே கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "சாக்கடை நாத்தம் குடலப் பிடுங்குது" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் சாக்கடை அலம்பிவிட்ட சமையலறை மாதிரி ஆயிற்று.

அவளுக்கு விளங்கிவிட்டது. கடிகாரத்துக்குள் காது இருக்கிறது. ஒட்டுக்கேட்கிறவன் கேட்டதை ஒன்று விடாமல் மேலே ஒப்பிக்கிறான். அமைச்சர் ஆபீஸிலிருந்து வந்த சமாச்சாரம் என்றால் என்ன ஏது என்று கேட்கிற தைரியம் அங்கே எவனுக்கு இருக்கிறது? உத்தரவு என்று நினைத்துக் கீழே தள்ளிவிடுகிறான். மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிற ஜென்மங்கள்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இந்த மனுஷன் இதன் கீழே நின்று என்னென்ன உளறியிருக்கிறானோ?

நினைக்கும்போதே அவன் உள்ளே நுழைந்தான். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டுவதற்குள், "அடுத்த கட்டுரை ரெடி! தகவல் சொன்னது நம்ம வீட்டு ஆளுன்னு ஒரு பயலுக்கும் தெரியப்போறதில்ல!" என்று முழங்கினான்.

அவள் அவனைக் குளியலறைக்குள் இழுத்துத் தள்ளிக் குழாயைத் திறந்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"என்னது, கடிகாரத்துல மைக்..."

பக்கத்தில் இருந்த சோப்பை எடுத்து அப்படியே வாயில் அடைத்தாள். பாவம், அன்று ராத்திரி முழுக்க அவனுக்கு ஏப்பத்தில் நுரை வந்தது.

காலையில் கஞ்சி போட்ட சட்டையில் ஓர் ஆபீசர் வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை; சட்டை மடங்கிவிடுமே.

"உங்க சொந்தக்காரங்க யாராவது தீயணைப்புல வேலை பாக்கறாங்களா?"

"எங்க சொந்தத்துல அடுப்புத் தீய அணைக்கத் தெரிஞ்ச ஆளே கிடையாது சார்."

"அப்படியா? எல்லா டிரைவரோட குடும்ப விவரமும் சாயங்காலம் என் மேஜைக்கு வருது. நாளைக்கு வரேன்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அந்தத் தம்பி. நாளைக்கு இந்த ஆள் அவனைக் கூட்டிக்கொண்டு போனால் யாரிடம் போய் நிற்பாள்? கொஞ்ச நேரம் துணியில் முகத்தை வைத்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு யோசனையும் வரும்.

மறுபடியும் குளியலறை, மறுபடியும் குழாய். "யாரு சொன்னதுன்னுதானே தேடறான்? ஊரே கண்ணால பாத்துட்டா எவனத் தேடுவான்? நீங்க போய் உங்க பத்திரிகைக்காரங்க எல்லாரையும் கேமராவோட கூட்டிட்டு வாங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. சொன்னா சோப்புதான்."

அவன் திரும்பி வந்தபோது, மாடியில் வருஷக்கணக்காக அவன் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர் முழுவதும் எதிரே இருந்த காலி மைதானத்தில் மலையாகக் கிடந்தது.

"அடிப்பாவி! என் முதல் கட்டுரை அதுலதான் இருக்கு!"

"இருக்கட்டும். இப்பவாவது பத்திக்கட்டும்" என்றாள். உள்ளே போய்க் கடிகாரத்துக்கு நேராக நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தீ! தீ! எங்க தெரு மைதானத்துல தீ! பழைய வண்டியெல்லாம் வேண்டாம், அந்தப் புது வண்டிங்க அத்தனையும் வந்தாத்தான் அணையும்!"

சொல்லிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சாவதானமாக வெளியே போனாள்.

வெண்கலத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "தீ!" என்று அவன் போட்ட ஒரே கூச்சலில் நாலு தெரு கூடிவிட்டது. கணகணவென்று மணியடித்துக்கொண்டு புது வண்டிகள் வரிசையாக வந்தன. முதல் வண்டியை ஓட்டி வந்த தம்பி அக்காவைப் பார்த்தான். பார்க்காத மாதிரி பக்கத்திலிருந்த மாட்டைப் பார்த்தான். நிலைய அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை.

"மேலிடத்து உத்தரவு. எதுக்கு அனுப்பினாங்கன்னே தெரியல" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

உத்தரவு என்றால் செய்துதானே ஆகவேண்டும்? குழாயை நீட்டிப் பிடித்தார்கள். திருகினார்கள். உள்ளேயிருந்து ஓர் எட்டுக்கால் பூச்சி நிதானமாக இறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயிற்று.

"பம்பப் போடுங்கய்யா!" என்றான் வெண்கலம்.

"நான் பாக்கறேன், நகருங்க" என்று சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை. பலகையில் பம்பைத் தத்ரூபமாக வரைந்திருந்தார்கள். நிழல்கூட விழுந்திருந்தது. அழுத்தம் காட்டுகிற முள் முழுசுக்கும் ஏறி நின்றது.

"அட, இது பம்பு இல்லப்பா, பம்போட படம்!"

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் சடசடவென்று அடித்தன. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதற்குள் தீ கொஞ்சம் மிஞ்சப் பார்த்தது. ஆளுக்கொரு குடத்தை எடுத்து, கடிகாரம் போட்டுக்கொடுத்த புதுக் குழாயில் பிடித்து ஊற்றி அணைத்தார்கள். தீயணைப்புக்காரர்களும் வெட்கத்தோடு வரிசையில் நின்று குடம் வாங்கினார்கள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் பலகைதான். "படம் அவ்வளவு நல்லா இருந்துச்சு, நானே ஏமாந்துட்டேன்" என்றார் அமைச்சர். விசாரணை என்றார்கள். நாளைக்கு வருவதாகச் சொன்ன ஆபீசரும் வரவில்லை. யார் சொன்னது என்று தேடவே முடியாது. சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?

ஊர் சிரித்தது. அவளால் சிரிக்க முடியவில்லை. அவமானப்பட்டவன் சும்மா இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலில் கல் விழுந்த ஓட்டையை இன்னும் அட்டை வைத்துத்தான் மூடியிருந்தாள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை நடிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. இந்த மனுஷன் கத்தறதத் தவிர ஒரு தப்பும் பண்ணல. என் தம்பியும் பண்ணல. ரெண்டு பேர் மேலயும் ஒரு கீறல் விழக்கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தவள் பதறிப்போய் ஓரடி பின்னால் வைத்தாள். வாசலில் கஞ்சிச் சட்டை ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். கையில் தடி. சட்டையெல்லாம் கசங்கி, ராத்திரி முழுக்க அங்கேயே நின்ற முகம்.

"எதுக்கு சார் வந்திருக்கீங்க?" என்றாள்.

"காவலுக்கும்மா. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு கீறல் விழக்கூடாதாம். இன்னொருத்தர் உங்க தம்பி வீட்டு வாசல்ல நிக்கறார்." அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "மேலிடத்து உத்தரவு. எதுக்குன்னு எனக்கே தெரியல."

அவள் உள்ளே போய்க் கடிகாரத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் ஒற்றித் துடைத்தாள். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள்.

"உக்காருங்க சார். சட்டைதான் மடங்கிடுச்சே."