சம்பந்தி எஞ்சின்

அந்த எஞ்சினுக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள். மேல்மூடி கிடையாது, வால்வு கிடையாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று முட்டிக்கொள்வதுபோல் பாய்ந்து வரும், ஆனால் முட்டாது. நடுவில் டீசல் வெடித்ததும் இரண்டும் முறைத்துக்கொண்டு பின்வாங்கும். இதைச் சம்பந்தி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

என் கணவருக்கு வேறு கருத்து. "சம்பந்தி இல்ல, நீயும் அக்காவும். நடுவுல வேகறது நான்" என்பார். அவருடைய அக்கா, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், இதற்கெல்லாம் சிரிக்க மாட்டார். அண்ணியின் சிரிப்பு வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

மூன்று பேரும் சேர்ந்து நடத்தும் பட்டறை. எஞ்சின் கோர்ப்பது நான், பாடி வேலை கணவர், ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அண்ணி. நான் இறுக்கிய போல்ட்டை ஸ்பேனர் போட்டு மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்க்காமல் அண்ணிக்குத் தூக்கம் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன்.

இந்த முறை ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய சம்பந்தியை, அதைவிடப் பழைய இரண்டு கதவு காரில் ஏற்றியிருந்தோம். எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட் மூடவில்லை. அதில் வட்டமாக ஓட்டை வெட்டி, காற்று வடிகட்டியை வெளியே நீட்டிவிட்டேன். பார்க்கக் கொஞ்சம் ரவுடித்தனமாகத்தான் இருந்தது. ஹேண்ட்பிரேக் இன்னும் மாட்டவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பேரும், அதிசயமாக, ஒரே குரலில் சொன்னோம்.

பட்டறைத் தரை தெருவைவிடத் தாழ்வு. வாசலிலிருந்து உள்சுவர் வரை சரிவாக இறங்கும். கார் சுவரைப் பார்த்து நின்றது. ரிவர்ஸில் மேடேறித்தான் வெளியே போக வேண்டும். பேட்டரி ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது. ஒருவழியாக எஞ்சின் பிடித்ததும் அது அணைந்துவிடக் கூடாதே என்று அண்ணி எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கை த்ராட்டிலை இழுத்து வைத்துக்கொண்டார். கணவர் முன்பக்கம் குனிந்து பம்பருக்குத் தோள் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இரும்பு மேஜை, அதற்குப் பின்னால் சுவர்.

கார் பாதி மேடு ஏறியது. எஞ்சின் திணறியது, இருமியது, அணைந்தேவிட்டது. கார் சரிவில் முன்னோக்கி உருண்டது. கணவர் சறுக்கி மேஜைக் காலடியில் உட்கார்ந்துவிட்டார். கியர் ரிவர்ஸிலேயே இருந்ததால் உருண்ட சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிட, அது மறுபடி பிடித்துக்கொண்டு உறுமியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அண்ணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காரை நிறுத்தக் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்திருந்தவர், பின்னால் போவதற்காக இரண்டையும் விட்டார். கார் முன்னால் பாய்ந்தது.

அண்ணி கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துவதற்குள் பம்பர் கணவரின் நெஞ்சை மேஜையோடு வைத்து அழுத்திவிட்டது. அவரால் கத்தக்கூட முடியவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. ஒரு கையால் பம்பரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் ஓடிப்போய்க் காரைத் தள்ளினேன். அசையவில்லை. அண்ணி கியர் தண்டைப் பார்த்தார், அது ரிவர்ஸில்தான் இருந்தது. சரியாக விழவில்லையோ என்று எடுத்து மறுபடி ரிவர்ஸிலேயே போட்டார். அப்போதுதான் என் முகத்துக்கு நேராக வடிகட்டியிலிருந்து புகை வந்தது. காற்றை உள்ளே இழுக்க வேண்டிய இடம் கறுப்பாக வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

வால்வு இல்லாத எஞ்சினுக்கு வலம் இடம் தெரியாது, எந்தப் பக்கம் சுற்றிவிட்டாலும் ஓடும். கார் உருண்டபோது சம்பந்தி தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இப்போது ரிவர்ஸ் என்றால் முன்னால். முன்னால் போகிற முதல் கியரைப் போட்டால்தான் கார் பின்னால் போகும்.

அண்ணியின் ஜன்னலுக்கு ஓடினேன். "கிளட்சை விட்றாதீங்க அண்ணி. ரிவர்ஸ் வேணாம். ஃபர்ஸ்ட் போடுங்க."

எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். அண்ணி என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முன்னாடி என் தம்பிடீ" என்று உதடு அசைந்தது.

காரணத்தையும் சொன்னேன், தொண்டை கிழியச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எஞ்சினை அணைத்தால் அந்தப் பேட்டரியில் மறுபடி கிளம்பாது. பிரேக்கிலிருந்து கால் எடுத்தால் கார் இன்னும் இறங்கும். ஜாக்கி கணவரின் முதுகுக்குப் பின்னால் மேஜைக்கு அடியில் கிடந்தது. பம்பரைத் தட்டிய கை மெதுவாகிவிட்டது.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? புகைக்கு வேறு காரணம் இருந்தால்? என் புருஷனை நானே கொன்றவள் ஆவேன். ஆனாலும் விரலை இறக்கவில்லை.

அண்ணி தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எஞ்சினோடு வந்த கனமான லாரி கிளட்சை மிதித்திருந்த கால் உதறிக்கொண்டிருந்தது. பிறகு தண்டை நகர்த்தி ஃபர்ஸ்டில் போட்டு, கிளட்சை விட்டார்.

கார் பின்னால் போனது. விறுவிறுவென்று மேடேறித் தெருவுக்கே போய்விட்டது. கணவர் தரையில் சரிந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மூச்சை இழுத்தார். ஓட்டைப் பம்பு போலச் சத்தம் வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அண்ணி பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினை அடக்கிவிட்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவருடைய இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். "விலா போச்சு, பேச வைக்காதீங்க" என்றார் கணவர். யாரும் அவரைப் பேச வைக்கவில்லை.

நான்தான் வாயை மூட முடியாமல் பேசினேன். "எஞ்சின் எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சிடுச்சு அண்ணி. அதான் ஃபர்ஸ்ட் போடச் சொன்னேன்."

"ஓ, அதுவா" என்றார் அண்ணி.

"அவ்வளவு கத்தினேனே, கேக்கலையா?"

"ஒரு எழவும் கேக்கல. விரலைத்தான் பார்த்தேன்."

"அப்புறம் எப்படிப் போட்டீங்க?"

அண்ணி தம்பியின் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார். "அவன் விஷயத்துல நீ ஒண்ணு சொன்னா அது அவன் நல்லதுக்குத்தான் இருக்கும். அது தெரியாதா எனக்கு?"

"நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கியர் போட்ட கை என்னோடது. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதா இருந்திருக்கும்" என்றார் அண்ணி. "உன்னை மட்டும் குறை சொல்லியிருக்க மாட்டேன்."