வெறும் பை ஆகாது

அக்கா சாருலதாவின் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் இரவல் பாத்திரங்களும் தேங்காய்களும்தான் மிச்சம் இருந்தன. தாம்பூலப் பைக்காக அப்பா தேங்காய் வாங்கியபோது ஊரே வரும் என்று எதிர்பார்த்தார். வராமல் போனவர்கள் அனைவரும் தேங்காய் வடிவில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று ராத்திரி ஏழரை மணிக்கு சாருவும் அத்திம்பேர் சாய்நாத்தும் பம்பாய் வண்டி ஏற வேண்டும். கூடவே அத்திம்பேரின் மடக்குச் சைக்கிளும். சிங்கப்பூர் நண்பர் ஒருவர் கொடுத்த கல்யாணப் பரிசு அது. சின்னச் சக்கரங்கள், நடுவில் ஒரு கீல். கீலைத் தளர்த்தினால் சைக்கிள் இரண்டாக மடிந்து பர்த்துக்கு அடியில் போய்விடும் என்றார்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கழுதைப் பொதி மாதிரி ஒரு இரட்டைப் பை தொங்கியது. என் சைக்கிள் கல்யாண மண்டப வாசலிலேயே திருடு போயிருந்ததால், பாத்திரங்களைத் திருப்பித் தர இதைத்தான் கேட்டு வாங்கினேன்.

"தாராளமா எடுத்துண்டு போ கிரீஷ்," என்றார் அத்திம்பேர். "ரெண்டு பக்கமும் சேர்த்துப் பதினஞ்சு கிலோதான் தாங்கும். ஆறரைக்கு சென்ட்ரலுக்குக் கொண்டு வந்துடு. அங்கே மடிச்சுக்கலாம்."

புது மாப்பிள்ளை எங்களிடம் கேட்டுக்கொண்ட முதல் விஷயம். இதில் சொதப்பினால் வண்டி அரக்கோணம் தாண்டுவதற்குள் சாருவுக்கு 'உங்காத்து லட்சணம்' என்ற வசனம் கிடைத்துவிடும். பிறகு நாற்பது வருஷம் அது நிற்காது.

அம்மா ஜானு பைகளை நிரப்பினாள். வலது பையில் தி.நகர் காமாக்ஷி மாமியின் வெண்கலப் பானை. இடது பையில் அடையாறு சுந்தரவல்லி பெரியம்மாவின் பித்தளை அடுக்கு. இரண்டுக்குள்ளும் தேங்காய்.

"இரவல் பாத்திரத்தை வெறுமையாத் திருப்பித் தரப்படாதுடா."

"ஒரு பிடி சர்க்கரை போட்டாப் போறாதா?"

"ஆத்துல இவ்வளவு தேங்காய் இருக்கறச்சே சர்க்கரை எதுக்கு?"

பானைப் பக்கம் சைக்கிள் சாய்ந்தது. சரிக்கட்ட இடது பையில் ஆறு தேங்காய் போட்டாள். இப்போது அந்தப் பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் நாலு.

"பதினஞ்சு கிலோதான்னு அத்திம்பேர் சொன்னாரேம்மா."

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான் சொல்லுவர். இரும்புதானே, தாங்கும்."

வைகாசி வெயில். லஸ் முனை தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெரிய சைக்கிளில் ஒரு மிதியில் போகிற தூரத்துக்கு இதில் மூன்று மிதி. தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு கிழவர் சாவகாசமாக நடந்தே என்னைக் கடந்து போனார்.

காமாக்ஷி மாமி பானையை வாங்கி உள்ளே பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"தேங்காயா? போன வாரம்தான் மஹதிக்கு சீமந்தம். இங்கேயே மலையாக் குவிஞ்சு கிடக்கு."

"அப்ப வேண்டாம் மாமி, நான் திரும்ப…"

"சீ, கொண்டு வந்ததை வேண்டாம்னு சொல்லுவாளா? உள்ளே வெச்சுடறேன். அதுக்காக உன்னை வெறும் பையோட அனுப்ப முடியுமா?"

உள்ளே போனது ஐந்து. வெளியே வந்தது பத்து. அதில் இரண்டு நான் கொண்டுபோனவையேதான்; குடுமி எனக்குத் தெரியும். ஏழு மாத வயிற்றோடு வாசல்வரை வந்த மாமியின் பெண் மஹதி, "சாயறதுடா. இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு போடட்டுமா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். அவள் அம்மா அடக்காமல் போட்டே விட்டாள்.

நந்தனம் வழியாக அடையாறு போய்ச் சேர்ந்தபோது கால் என்று எனக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் இரண்டு தென்னை மரங்கள் நின்றன. சின்ன வயதிலிருந்து வந்து போகிற வீடுதான். ஆனாலும் அந்த மரங்களை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன்.

பெரியம்மா அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள். "டாக்டர் தேங்காயை வாயிலயே வெக்கப்படாதுன்னுட்டார். இதை நீயே கொண்டு போ. நம்ம மரத்துக் காயும் பத்து வெச்சிருக்கேன். சாருவுக்குக் கொடு."

தெருவோரம் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். கல்யாணத் தேங்காயை வீதியில் போட்டால் சாருவுக்கு ஆகாது என்று அம்மா ஒரு மாதம் படுத்துக்கொள்வாள். மிதித்தேன்.

அடையாறு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். சைக்கிள் நடுவில் தொய்ந்து, பெரியவர்களைக் கண்டதுபோல் குனிந்தது. மணி ஐந்து பத்து. மரத்தடியில் பஞ்சர் ஒட்டும் ஜவஹர் எழுந்து வந்தார்.

"இன்னா நைனா இது, சைக்கிளா, தேங்கா மண்டியா?"

"மடக்கற சைக்கிள் அண்ணே. ஆறரைக்கு சென்ட்ரல்ல மடங்கியாகணும்."

"இங்கியே மடங்கிக்கினு கீதே! கீல் பின்னு வளைஞ்சி பூச்சு. எவ்ளோ வெயிட்டு போட்ட?"

"பதினஞ்சு கிலோ."

அவர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு பக்கமா?"

நான் பாலத்தைப் பார்த்தேன்.

பின்னைக் கழற்றித் தண்டவாளத் துண்டின்மேல் வைத்து அடித்து நிமிர்த்தினார். திரும்ப மாட்டினார். "இந்த மூட்டையோட ஏறிக் குந்துன, பாலம் தாண்டாது. அல்லாத்தையும் எறக்கு. நம்ம ஆரோக்கியமேரி இட்லிக் கடை வெச்சிக்கீது. சட்னிக்கு ஆவும்."

இறக்கினேன். கூலி வேண்டாம், இதுவே போதும் என்றார். பழக்கதோஷத்தில் பையைத் திறந்து பிடித்தபடியே நின்றேன்.

"இன்னாத்துக்கு நிக்கிற?"

"பதிலுக்கு ஒண்ணும் போடலையா?"

"நான் இன்னாத்துக்கு உனுக்குப் போடணும்? கெளம்பு நைனா."

காலையிலிருந்து இவ்வளவு இதமாக என்னிடம் யாரும் பேசவில்லை.

கடற்கரைச் சாலை முழுக்க வெறும் பைகள் காற்றில் படபடத்தன. அப்படியும் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நின்றபோது மணி ஏழு. அத்திம்பேர் கீலைத் தளர்த்தி அழுத்தினார். நகரவில்லை. முழங்காலை வைத்து அழுத்தினார். ஒரு முனகலோடு மடிந்தது. பின்னில் இருந்த சுத்தியல் தழும்பை விரலால் தடவினார். சாரு ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள்.

"எவ்வளவு வெச்சே கிரீஷ்?"

"தேங்காய்தான் அத்திம்பேர்."

அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் போனார். பர்த்துக்கு அடியில் தள்ளினார். போகவில்லை. குனிந்து பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கோணி மூட்டை இருந்தது.

"என்னம்மா இது?" என்று, வழியனுப்ப வந்து ஜன்னலருகே நின்ற அம்மாவைக் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"பொண்ணை வெறுங்கையோடயா அனுப்புவா?" என்றாள் அம்மா.

அத்திம்பேர் மூட்டையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு பிளாட்பாரத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தார். அவருக்கும் நான்கு நாளாக எங்களைத் தெரியும். தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, "சைக்கிள் இங்கேயே இருக்கட்டும் கிரீஷ். தீபாவளிக்கு வரச்சே எடுத்துக்கறேன்," என்றார். சாரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நல்லதாப் போச்சு. ஆதம்பாக்கம் அண்டா இன்னும் பாக்கி இருக்கு," என்றாள் அம்மா.

நான் சைக்கிளை மறுபடி விரித்தேன். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. சாரு கதவருகே இறங்கி வந்தாள். புதுப் புடவை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, இரண்டு கையிலும் தேங்காய்.

"சாரு, வேண்டாம். கால் இல்லை எனக்கு."

"வெறும் பையா அனுப்பப்படாதுடா," என்றாள். அம்மாவின் குரல் அப்படியே இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வலது பையில் ஒன்று, இடது பையில் ஒன்று. வண்டி போன பிறகு மயிலாப்பூர் வரை உருட்டிக்கொண்டே போனேன். சைக்கிள் எந்தப் பக்கமும் சாயவில்லை.