தெபேயின் குழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. லெசோத்தோ மலையில் முப்பத்தொரு வீடுகள் உள்ள எங்கள் ஊருக்கு நான்தான் வாத்தியார். ஊர்க் கணக்கெடுப்புப் படிவமும் என் தலையில்தான் விழும். ‘உழைக்கத் தெம்புள்ள ஆண்கள் எத்தனை பேர்?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் இதை எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய மலைச்சரிவில் ஒரு...’ (அடித்துவிட்டேன். அன்று பனியே இல்லை.)

இரண்டாவது: ‘ஒரு காலத்தில் எங்கள் ஆண்கள் எல்லோரும் சுரங்கத்தில்...’ (வேண்டாம். ஒப்பாரி நெடி அடிக்கிறது.)

நேராகவே வருகிறேன். அண்டை நாட்டுத் தங்கச் சுரங்கத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நெஞ்சு நிறையத் தூசியோடு வந்து, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆள் தெபே. இப்போது ஊரில் உலை கொதிப்பது, நகரத்துத் துணி ஆலையில் ஜீன்ஸ் தைக்கும் பெண்களின் சம்பளத்தில். மிச்சமுள்ள ஆண்கள் நான்கு பேர்: ஊர்த்தலைவர் செகோன்யானாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவர் படுத்த படுக்கை, பிறகு நான்.

சவக்குழியை ஆண்கள்தான் வெட்ட வேண்டும். பெண் இறங்கினால் மழை நின்றுவிடும் என்பார்கள். தெபேயைப் புதைக்க வேண்டிய சனிக்கிழமை பக்கத்து ஊரிலும் சாவு. உதவிக்கு ஆள் வரவில்லை. தெபேயின் மனைவி மபோலோகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: உச்சிவெயிலுக்குள் அவனை மண்ணில் வைத்துவிட வேண்டும்.

3

முதல் பிரதியில் குழியை நானே வெட்டி முடித்தேன். நம்பாதீர்கள்.*

சாவுக்கு வந்த ஆலைப் பெண்கள் ஆறு பேர் வேனிலிருந்து இறங்கினார்கள். தெபேயின் தங்கை லினேயோ என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“மழை இல்லாமப் போனா யாரும்மா பொறுப்பு?” என்றார் தலைவர்.

“போன வருஷம் குழியெல்லாம் ஆம்பளைங்கதான வெட்டுனாங்க, ஐயா? மழை வந்துச்சா? வெளைச்சல் இல்லாம மாவு நாங்கதான் வாங்கிட்டு வந்தோம்.”

தலைவர் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

* முழங்கால் ஆழத்துக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

4

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். கண்ட வியப்பு எதிலும் அடங்கவில்லை.

ஆண்கள் வெட்டினால் பாதி நேரம் விவாதம். இவர்கள் ஆலையில் வரிசையாக நின்று தைப்பதுபோலவே வெட்டினார்கள். ஒருத்தி பாறையைப் பெயர்த்தாள், அடுத்தவள் அள்ளினாள், மூன்றாமவள் மேலே வாங்கினாள். லினேயோ “மாத்து” என்றதும் ஆறு பேரும் ஒருசேர இடம் மாறினார்கள். ஒரு கை சும்மா இருக்கவில்லை, ஒரு வார்த்தை வீணாகவில்லை. அம்மாடி! இவர்களில் நான்கு பேருக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். யாரென்றே தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோல் வாய்பிளந்து நின்றேன்.

உச்சிக்கு முன்பே தெபே மண்ணுக்குள் இருந்தான். மபோலோகா ஆறு பேரின் கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

5

முடிவுதான் தகராறு. சாவுக்கு அறுத்த மாட்டின் தலைக்கறி, குழி வெட்டியவர்களுக்கு. அதை மாட்டுப்பட்டிக்குள் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். பட்டிக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது.

‘பெண்கள் உள்ளே நுழைந்தார்கள்’ என்று எழுதினேன். ‘தலைவர் கறியை வெளியே கொடுத்தனுப்பினார்’ என்றும் எழுதினேன். (இரண்டும் பொய்.)

நடந்தது இது. செகோன்யானா பட்டிக்குள் நின்று, கறிச்சட்டியைக் கீழே வைத்தார். பெண்கள் நின்ற பக்கத்தில், கல் அடுக்கிய பட்டிச் சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் போட்டார். பிறகு இன்னொரு கல்.

சுவர் இடுப்பளவு உயரம்; அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் உள்ளே எது, வெளியே எது? எந்தக் கல்லோடு அவரை நிறுத்துவது என்பதை உங்களிடமே விடுகிறேன். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு மூச்சு வாங்குகிறது, கறி ஆறுகிறது, லினேயோ இன்னும் வெளியேதான் நிற்கிறாள்.