எடுத்துட்டு வா

சத்யாவின் புருஷன் அன்பழகன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்த அன்று, பூலாம்பாடியில் அந்தத் தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது. மஞ்சள் நிறப் பெட்டி. மேலே வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் ஒரு படம். அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே "ஏ, ஆப்பிள்" என்பாள். அன்பழகனின் அக்கா தனம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"எந்தம்பி புள்ளைக்கு ரெண்டு வயசுலயே இங்கிலீஷ் டீச்சர் வந்தாச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெட்டி தன் வேலையைச் செய்தது. கொஞ்ச நாளிலேயே குழந்தை மஞ்சு "ஆப்பிள், கேட், டாக்" என்று அந்த வெள்ளைக்காரியின் இழுவையோடு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பழகன் போன் பேசுவான். போன் இருந்தது பக்கத்திலேயே, தனத்தின் வீட்டில். அவள் வீட்டுக்காரருக்கு வெங்காய மண்டி, போன் இல்லாமல் ஆகாது. ரிசீவரை மஞ்சுவின் காதில் வைத்தால் அவள் ஆப்பிளில் தொடங்கி ஒப்பிப்பாள். அங்கே அவன் ரூமில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்துச் சிரிப்பான். சத்யாவுக்கும் பெருமைதான். யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் பெட்டி சொன்னதைச் சொன்னாளே தவிர, மனுஷரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாகம் எடுத்தால் குடத்துப் பக்கம் போய் நின்று அழுவாள். அம்மா என்று கூப்பிட்டதில்லை. சத்யாவின் வயிற்றில் இருக்கும்போதே விமானம் ஏறிய அப்பனை அவள் கண்ணால் பார்த்ததும் இல்லை. "அப்பா எங்க?" என்று கேட்டால் தனம் வீட்டுப் போனைக் கை காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சத்யாவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

ஒரு சாயங்காலம் மஞ்சு கொல்லையிலிருந்து வீறிட்டு அழுதுகொண்டு வந்தாள். சத்யா வாரித் தூக்கி, "எங்கடா வலிக்குது? அம்மாகிட்ட சொல்லு" என்று வயிற்றைத் தொட்டாள், காதைத் தொட்டாள், தலையைத் தடவினாள். குழந்தை திமிறிக்கொண்டு இறங்கி, நொண்டி நொண்டிப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்துப் பொத்தான்களை அமுக்க ஆரம்பித்தாள். ஒன்றை அமுக்குவாள், அழுவாள், அடுத்ததை அமுக்குவாள். ஆப்பிள் என்றது பெட்டி. ஜிராஃப் என்றது. வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நொண்டியதைப் பார்த்துக் காலைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. பாதத்தில் கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்றது. ஊக்கால் அதை எடுத்தபோது சத்யாவின் கண்ணீர் குழந்தையின் காலிலேயே விழுந்தது. கால் வலிக்கிறது என்று சொல்ல எம்புள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லையே என்று நெஞ்சு எரிந்தது. முள்ளை எறிந்த கையோடு பெட்டியைக் கவிழ்த்து, பேட்டரிகளைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

தனம் விடுவாளா? பெட்டி பாடவில்லை என்றதும் வந்து நின்றுவிட்டாள்.

"எந்தம்பி வெயில்ல கெடந்து சம்பாரிச்சு ஆசையா அனுப்புனது. அத ஊமையாக்கிப் போட்டுருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

"பெட்டி ஊமையானா பரவால்ல அண்ணி. எம்புள்ள ஊமையாகக் கூடாது."

"அதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறாளே!"

"இங்கிலீஷ் வேணாம்னு நான் சொல்லல. மொதல்ல தண்ணி கேக்கட்டும்."

தனம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பழகன் போனில் எத்தனை கெஞ்சியும் மஞ்சு வாயைத் திறக்கவில்லை. விஷயம் முழுக்க அக்கா வாயால் அவன் காதுக்கு முன்பே போயிருந்தது.

"உனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னா விடு" என்றான் சத்யாவிடம். "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். புள்ள போன்ல என்கிட்ட பேசணும். இல்லன்னா தை பொறந்ததும் பெரம்பலூர் நர்சரிக்கு வேன்ல ஏத்திவிட்டுரு. அக்கா பாத்துக்கும்."

விடியும் முன்னே வேன் வரும். பெரம்பலூர் போய் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பும். இன்னும் வாய் திறக்காத பிள்ளையை, பசி என்று சொல்லத் தெரியாத பிள்ளையை அதில் ஏற்றுவதா? சத்யா ரிசீவரை வைத்துவிட்டு, மறுநாளே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேணுகோபாலின் ஃபேன்சி ஸ்டோர். சின்னப் பிள்ளை படிப்புக்கு என்று கேட்டதும் மனுஷன் கடையில் பாதியை இறக்கிவிட்டார். பளபளவென்று எழுத்துச் சார்ட்டை விரித்தார்.

"இதுல இருக்குற ஆப்பிள எம்புள்ளையால எடுத்துட்டு வர முடியுங்களா?" என்று சத்யா கேட்டாள்.

"சார்ட்டுல இருந்து எப்புடிம்மா எடுக்கறது?"

"அப்ப வேணாங்க."

பிளாஸ்டிக் மிருகங்களைக் கொட்டினார். அவள் ஒட்டகச்சிவிங்கியைக் கையில் எடுத்து, இதை எங்கே காட்டுவது என்று கேட்டாள். மெட்ராஸுக்குப் போனால் வண்டலூரில் பார்க்கலாம் என்று வேணுகோபால் பொறுமையாகவே சொன்னார். அதையும் ஓரமாக வைத்தாள். அவள் மனதில் இருந்த கணக்கு எளிது. எடுத்துட்டு வா என்றால் எடுத்து வர வேண்டும். கொண்டு வந்ததை வீட்டில் ஒரு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். அப்படி வீட்டோடு ஒட்டாத வார்த்தை இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியில் அவள் எடுத்தது ஒரு பந்து, குடமும் கரண்டியும் சட்டியுமாக ஒரு சொப்புச் சாமான் பை, மஞ்சு அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"படிப்புக்குன்னு கேட்டீங்க, வெளையாட்டு சாமான் வாங்கறீங்களே?" என்றார் வேணுகோபால்.

"எம்புள்ளைக்கு இதுதாங்க படிப்பு."

பஸ்ஸில் பந்தைக் கொடுத்தபோது மஞ்சு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் பொத்தான் இல்லை. அமுக்கிப் பார்த்தாள், சத்தமும் வரவில்லை. சத்யா அதை வாங்கி மகள் மடியில் உருட்டிவிட்டு, "பந்து" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. அடுப்படியில் உட்கார்ந்து, "வெங்காயம் எடுத்துட்டு வா" என்பாள். மஞ்சு கரண்டியை எடுத்து வருவாள். "இது கரண்டி, நல்ல கரண்டி. வெங்காயம் எடுத்துட்டு வா." மறுபடியும் கரண்டி வரும். சத்யாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவாள். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். தெருவில் போகிறவர்கள், இவளுக்கு என்ன ஆயிற்று, நாள் பூராவும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறாளே என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. அன்பழகனுடையது. புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான். வீட்டில் ஆள் இருக்கிறான் என்று வருகிறவன் நினைக்கட்டும் என்று போட்டு வைப்பார்கள். வாசல் கூட்டும்போது நகர்த்தி வைப்பதோடு சரி, சத்யா அதைச் சட்டை செய்ததே இல்லை. இப்போது அதுவும் பாடத்தில் சேர்ந்தது.

"இது பாப்பா செருப்பு. இது அம்மா செருப்பு. இது அப்பா செருப்பு. அப்பா வந்து போட்டுக்கும்."

வெளியே கிளம்பும் போதெல்லாம் மகளின் காலைத் தொட்டு, "செருப்பு போடு, இல்லன்னா முள்ளு குத்தும்" என்பாள். பட்டது நினைவிருந்ததோ என்னவோ, அந்த ஒரு விஷயத்தில் மஞ்சு அடம் பிடிக்கவே இல்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் குடத்தருகே போய் நின்றவள் அழாமல், திரும்பிப் பார்த்து, "தண்ணி" என்றாள். சத்யா கையிலிருந்த மாவோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்புறம் அம்மா வந்தது, வெங்காயம் வந்தது. எல்லாம் வீட்டுக்குள்ளேதான். தனம் தலையைக் கண்டால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று தனம் உதட்டைப் பிதுக்குவாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தனம் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன் மணி அடித்தது. தனம் முந்திக்கொண்டு எடுத்து, தம்பியிடம் பேசிவிட்டு, மஞ்சுவை நாற்காலியில் உட்காரவைத்து ரிசீவரை அவள் காதில் வைத்தாள்.

"பாப்பா, அப்பா பேசுறேன்டா. ஏ, ஆப்பிள் சொல்லு" என்றான் அன்பழகன்.

மஞ்சு பேசவில்லை. தனம் தயாராக இருந்தாள். சத்யா வீட்டிலிருந்து எடுத்து வந்து புதுப் பேட்டரி போட்டிருந்த பெட்டியைக் குழந்தையின் மடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஆப்பிள் என்று பாடியது. மஞ்சு பெட்டியைப் பார்த்தாள், ரிசீவரைப் பார்த்தாள், சட்டென்று இறங்கி வெளியே ஓடிவிட்டாள்.

"பாத்தியாடா தம்பி, போயிட்டா" என்றாள் தனம். சத்யா ரிசீவரை வாங்கினாள்.

"வேன்ல ஏத்தமாட்டேங்க. பேசுவா. நீங்க யாருன்னு தெரிஞ்சா பேசுவா."

"நான் அப்பன்னு அவளுக்குத் தெரியாதா?" என்று அவன் எரிந்து விழுந்தான்.

அதற்குள் மஞ்சு திரும்பி வந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய செருப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அப்பன் செருப்பு. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து செருப்பைப் போன் பக்கத்தில் வைத்து, அம்மா கையிலிருந்த ரிசீவருக்குக் கீழே வாயைக் கொண்டுபோனாள்.

"அப்பா, செருப்பு போடு. முள்ளு குத்தும்."

கூடத்தில் சிரிப்பு நின்றது. போனிலும் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று சத்யா காதில் வைத்துப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"போட்டுக்கிறேன்டா தங்கம்" என்றான். "சத்யா... இன்னும் என்னென்ன சொல்லுவா?"

"வந்து கேளுங்க" என்றாள் சத்யா.

மஞ்சு இன்னொரு செருப்பை எடுத்துவர ஏற்கெனவே தன் வீட்டு வாசலுக்குப் போயிருந்தாள்.